பிடித்தம்

மூன்று நாளாய் மெஷினின் அடிவயிற்றில்
சாம்பார் நிறத்தில் நின்றது தண்ணீர்.
கதவை மூடி அழுத்தினால் ஒரு செருமல்,
அப்புறம் திரையில் இ-24,
அப்புறம் ஒன்றுமில்லை.

கோயம்புத்தூரிலிருந்து வரவேண்டிய ஜெபஸ்டின்
குஞ்சப்பனைப் பக்கம் மண் சரிந்துவிட்டது,
வியாழனுக்கு முன்னால் முடியாது என்றார்.
"பயப்படாதீங்க மேடம். முதல்ல பிளக்கைப் பிடுங்குங்க.
ஒரு ஸ்பாஞ்ச், ஒரு ஸ்பூன், கொஞ்சம் பொறுமை."
பொறுமையைத் தவிர மற்றதெல்லாம் வீட்டில் இருந்தது.

கோத்தகிரியில் ஆடி மாதக் குழாய்த் தண்ணீர்
நகக்கண்ணில் ஊசி ஏற்றும்.
தவமலரின் விரல்கள் சிவந்து வீங்கியதைப் பார்த்துத்தான்
வாங்கினேன் இதை என்று
தங்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறேன்.
நாலு அறையும் நிரம்பினால்
ஒரு வேளைக்கு அறுபது தட்டு என்பதைச் சொன்னதில்லை.

கையேட்டில் எட்டு மொழி. தமிழ் இல்லை.
படத்தில் ஒரு கை வடிகட்டியைத் திருகுகிறது,
வளையல் இல்லாத, ஈரமாகாத கை.
நான் அடிக்கூடையை உருவி
இடப்பக்கம் திருகினேன்:
கறிவேப்பிலைக் காம்பு, எலுமிச்சை விதை,
ஜாம் பாட்டிலிலிருந்து உரிந்த லேபிள்,
கூழாகிப்போன சோறு.
பழைய டூத் பிரஷ்ஷால் வலைக்கண்களைத் தேய்த்தேன்.
சின்ன டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு
குவளை குவளையாய் இறைத்தேன்.
முப்பத்திரண்டு வருஷம் வங்கிக் கவுண்டரில்
மீன் வாசனை நோட்டையும் முகம் சுளிக்காமல் எண்ணியவள்.
இங்கே சுளித்தேன்.

"பம்ப் மூடி தெரியுதா? வலது ஓரம், நெம்புங்க.
உள்ள சின்னதா ஒரு சக்கரம் இருக்கும்.
சுத்துதான்னு விரலால... வேணாம், விரல் வேணாம்,
ஸ்பூன் காம்பால பாருங்க.
கண்ணாடி கிடந்தாலும் கிடக்கும்."

கிடந்தது.
பச்சையாய், கட்டைவிரல் நகம் அளவுக்கு,
ஓரத்தில் தங்கக்கோடு ஓடும் சில்லு.

சித்திரையில் ஆறு தம்ளரில் ஒன்று குறைந்தது.
கேட்டேன். தெரியாது என்றாள்.
மறுபடி கேட்டபோது
அதே தெரியாதை இன்னும் மெதுவாகச் சொன்னாள்.
மாதக் கடைசியில் சம்பள உறைமேல்
'பிடித்தம் ரூ. 150' என்றெழுதி
தேதி போட்டுச் சுருக்கொப்பமும் இட்டேன். வங்கிப் பழக்கம்.

மெஷினுக்குள் உடைந்ததென்றால்
மீதித் துண்டுகளைப் பொறுக்கியது யார்?
நாங்களே எடுத்து வைக்கிறோம் ஆன்ட்டி என்ற
அந்தச் சேலத்துக் குடும்பமா?
மாத்திரை போட்டுக்கொண்டு பாதித் தூக்கத்தில்
தண்ணீர் குடிக்க எழுந்த நானா?
ஒரு சில்லை வைத்துக் கணக்கை நேர் செய்ய முடியாது.
மூன்று மாதம் ஏதோ மடிப்பில் ஒளிந்திருந்து
இப்போதுதான் அது சக்கரத்தின் பல்லுக்கு வந்திருக்கிறது.

மூடியை டிக்கென்று உட்காரும்வரை அழுத்தினேன்.
பிளக்கைச் செருகினேன்.
உறுமியது, தயங்கியது,
பிறகு மொத்தமும் கடகடவென்று இறங்கிப்போனது.
"சத்தம் கேக்குது மேடம்" என்றார் ஜெபஸ்டின்,
மலைக்குக் கீழே இருந்து.

தவமலர் அரவேனுவிலிருந்து பத்து மணிக்கு வந்தாள்.
குடையை உதறினாள். மூடுபனி
சமையலறை வரைக்கும் அவளோடு வந்தது.
மேஜைமேல் நூற்றைம்பது ரூபாய், பக்கத்தில் சில்லு.
ராத்திரியெல்லாம் கோத்து வைத்த வாக்கியத்தில்
முதல் சொல்லே வரவில்லை.
அவள் சில்லை எடுத்து ஜன்னலுக்கு நேரே பிடித்தாள்.
மெஷினைத் திரும்பிப் பார்த்தாள்.
"இதுக்கு எவ்வளவுக்கா பிடிப்பீங்க?"

சிரிக்கலாமா என்று தெரியவில்லை.
அவள் சிரிக்கவில்லை.
ரூபாயை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு
இரும்பு வாணலியைக் குழாயடிக்கு எடுத்துப்போனாள்.
இரும்பை மெஷினில் போடக்கூடாது.

உப்பு தீர்ந்தது என்கிற சிவப்பு விளக்கு
வாங்கின நாளிலிருந்து எரிகிறது.
உங்க ஊர்த் தண்ணிக்கு உப்பே வேணாம், விட்டுடுங்க
என்று ஜெபஸ்டின் அன்றே சொல்லியிருக்கிறார்.
இன்று முழுக்க அதைத்தான்
பார்த்துக்கொண்டிருந்தேன்.